அங்க அடையாளம்

"அங்க அடையாளம் ஏதாச்சும் சொல்லுங்கம்மா" என்று ரயில்வே ஏட்டு கேட்டதும் வடிவின் வாயில் வந்தது மீசை என்ற சொல்தான். சொன்ன பிறகுதான் உறைத்தது. முகம் இல்லை என்று அந்த மனிதர் இப்போதுதானே சொன்னார், குரலைத் தாழ்த்தி, தன் பேரில் ஏதோ தப்பு இருப்பதுபோல. தச்சநல்லூர் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம், தண்டவாளத்தில், தலைப் பக்கம் ஒன்றும் பார்க்கிற மாதிரி இல்லை, துணி சுற்றி வைத்திருக்கிறார்கள், நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம் என்று. "மீசை வேண்டாம்மா. மச்சம், தழும்பு, பச்சை குத்துனது, அந்த மாதிரி." அவள் யோசித்தாள். கறுப்பா, ஒல்லியா, உசரமா இருப்பான் என்றாள். ஏட்டு எழுதவில்லை. "அது ஊர்ல பாதிப் பேரும்மா" என்றார் சிரிக்காமல். ரெண்டு நாளாக அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஆளாம், அங்கே இருக்கிற டீக்கடைக்காரன்தான் வடிவு டீச்சர் தம்பியாக இருக்கும் என்று சொன்னான், அதனால்தான் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணினோம். போஸ்ட்மார்ட்டம் முடிந்துவிட்டது. இவர்தான் என்று சொன்னால் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுவோம். இல்லையென்றால் நாளைக்கு கார்ப்பரேஷனில் எடுத்துப் போய்விடுவார்கள். பிணவறைச் சாவி வைத்திருக்கிறவன் சாப்பிடப் போயிருக்கிறான், வந்ததும் கூப்பிடுகிறேன், அதுவரை அந்த பெஞ்சில் உட்காருங்கள்.

அவள் உட்கார்ந்தாள். சிமெண்டு பெஞ்சு சேலையைத் தாண்டிச் சுட்டது. அவள் புருஷன் தளவாய் உட்காரவில்லை. மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கஞ்சி போட்ட முழுக்கைச் சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாமல் நின்றார். பிணவறைக் கதவைப் பார்த்தார், ஆஸ்பத்திரி கேட்டைப் பார்த்தார். பிறகு, "இரு, வந்துருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேட்டுக்கு வெளியே போனார். போகட்டும். அவர் அப்படித்தான். நாற்றம் பிடிக்காது, கூட்டம் பிடிக்காது, போலீஸ் பிடிக்காது. வெளியே எங்காவது நிழலில் நின்று பேப்பர் படிப்பார். மச்சம். குத்தாலத்துக்கு மச்சம் எங்கே இருந்தது? கூடப் பிறந்தவன், ஒரே போர்வைக்குள் படுத்துக் கிடந்தவன், ஆற்றில் முதுகு தேய்த்துவிட்டவள் அவள், ஒரு மச்சம் ஞாபகம் வரவில்லை. வருஷா வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அங்க அடையாளம் எழுதுகிறவள் அவள்தான். கையை நீட்டு, காலரைத் தூக்கு, ம், வலது முழங்கையில் ஒரு தழும்பு, கழுத்தில் ஒரு மச்சம், அடுத்து. ஒரு பையன் தேடித் தேடி ஒன்றும் கிடைக்காமல், "எனக்கு அடையாளமே இல்ல டீச்சர்" என்று அழ ஆரம்பித்துவிட்டான். அவள் அவன் தலையைத் தடவி, இடது தோளில் ஒரு மச்சம் என்று எழுதிவிட்டாள். தோளில் ஒன்றும் கிடையாது. இப்போது எங்கே இருக்கிறானோ, இல்லாத மச்சத்தைச் சுமந்துகொண்டு. அன்றைக்கு ஹெட்மாஸ்டர்கூடச் சொன்னார், பிள்ளைங்க மனசறிஞ்சு நடக்கதுக்கு வடிவு டீச்சரை விட்டா ஆள் கிடையாது என்று. அந்தக் குரலுக்கே பிள்ளைகள் அடங்கும் என்று ஊரில் சொல்வார்கள். கோபமே வராத முகம். பஸ்ஸில் யாராவது இடம் கொடுத்துவிடுவார்கள். கடையில் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொள்வாள், அதையும் சொல்வார்கள். தங்கமான டீச்சர். அந்தத் தளவாய்க்கு வாக்கப்பட்டு எப்படித்தான் காலந்தள்ளுதாவளோ.

மீசை என்றுதான் எல்லாரும் அவனைச் சொன்னார்கள். குத்தாலிங்கம் என்று பேர் வைத்தது அப்பாவுக்கும் ரேஷன் கார்டுக்கும்தான். ஜங்ஷனிலிருந்து பாபநாசம் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டராக ஏறின வருஷம் வைத்த மீசை. இரண்டு பக்கமும் முறுக்கி, நுனியில் ஏதோ மெழுகு போட்டு, அதற்கு மேலே அந்தக் காக்கிச் சட்டையும் கழுத்தில் மஞ்சள் துண்டும். மீசை வண்டி எப்ப வரும் என்று கேட்டுத்தான் கிராமத்துப் பெண்கள் நிற்பார்கள். பஸ் போன பிறகு, வேலை போன பிறகு, பெண்டாட்டி அம்பாசமுத்திரத்தில் தாய்வீட்டோடு போய்விட்ட பிறகு, மீசை மட்டும் போகவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடக்கிறவன் முகத்தில் அது அப்படியே இருந்தது, நரைத்து, மெழுகுக்குப் பதில் எச்சிலால் முறுக்கி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகும். ஒருநாள் அவள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கண்காட்சிக்குப் போகும்போது அவன் எதிரில் வந்தான். வந்தவன் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு, துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு, மீசையை மூடிக்கொண்டு, ஒரு பழக்கடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அவள் பிள்ளைகளிடம், நேராகப் பார்த்து நடங்கள் என்றாள். அந்தத் துண்டு இப்போது உள்ளே இருக்குமா? அழுக்கில் அது மஞ்சள் என்று யாருக்குத் தெரியப் போகிறது. கேட்டிருக்கலாம் ஏட்டிடம், துண்டு இருந்ததா என்று. கேட்கவில்லை. கேட்டால் இருந்தது என்று சொல்லிவிட்டால்?

வாதாம் மரத்தடியில் இன்னொரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. விஷம் குடித்த பெண்பிள்ளையாம். தாய்க்காரி அழுவதற்குக்கூடத் தெம்பில்லாமல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தாள். பினாயில் வாசனையும் அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் காற்று திரும்பும்போதெல்லாம் வந்தது. வடிவு முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். இந்தச் சேலையை வீட்டுக்குப் போனதும் நனைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்திருக்கிற பட்டுச்சேலை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை. மகள் தாரணிக்கு அன்றைக்கு நிச்சயதாம்பூலம். சங்கரன்கோவில்காரர்கள், வேன் பிடித்து வருகிறார்கள், பையன் பெங்களூரில் இருக்கிறான், நல்ல பையன், தாரணிக்குப் பிடித்துப்போன பையன். தீட்டு வந்தால் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் ஏன் என்று கேட்பார்கள். யார் செத்தது என்று கேட்பார்கள். அங்கேதான் இடறியது. எத்தனை தடவை சுற்றி வந்தாலும் அந்த இடத்தில் வந்து நின்றது. பெண் பார்க்க வந்த அன்று பையனின் அம்மா, பூவை எடுத்துத் தாரணி தலையில் வைத்துக்கொண்டே, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் கேட்டாள், "தாய்மாமன் எங்க இருக்காவ? மாலை எடுத்துக் குடுக்க மாமன் வேணுமே." வடிவு யோசிக்கவே இல்லை. அந்தப் பிரசித்தமான மெல்லிய குரலில் சொன்னாள், "எனக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் கிடையாதும்மா. நான் ஒத்தைக்கு ஒரு பிள்ளை." அய்யோ பாவம் என்றாள் அந்தம்மா. பக்கத்து நாற்காலியில் இருந்த தளவாய் காபி டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான். நல்லதுதான் சொன்னாய் என்று அர்த்தம் அதற்கு. அவருக்குக் குத்தாலத்தைக் கண்டாலே ஆகாது என்பது தெரிந்த விஷயம்தானே. தீபாவளிக்கு வாசலில் வந்து நின்றவனை அவர் விரட்டிய விரட்டல் தெருவுக்கே தெரியும். அன்றைக்கோடு நின்றது அவன் வரத்து. அதன் பிறகு அவன் செத்தானா பிழைத்தானா என்று, சேச்சே, என்ன வார்த்தை. இங்கே உட்கார்ந்துகொண்டு.

சாவிக்காரன் வரவில்லை. ஏட்டு தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். இல்லாமலும் இருக்கலாம். ஊரில் பாதிப் பேர் கறுப்பும் ஒல்லியும் உசரமும்தான் என்று அவரே சொன்னார். குத்தாலம் இந்நேரம் எங்காவது சத்திரத்துத் திட்டில் வெயில் ஏறுவது தெரியாமல் தூங்கிக்கொண்டிருப்பான். அவன் ரயிலில் விழுகிற ஆள் கிடையாது. அவனுக்குத் தைரியம் உண்டு. தைரியம் என்றா சொல்வது அதை? கோர்ட்டில் அன்றைக்கு அவன் செய்ததை என்னவென்று சொல்வது? கல்லிடைக்குறிச்சி பக்கத்தில் ஒரு கிழவி பஸ்ஸை விட்டு இறங்கினாள். ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். மீசை விசில் ஊதினான். வண்டி எடுத்தது. கிழவி பின் சக்கரத்தில் போனாள். டிரைவர் மேல்தான் கேஸ். டிரைவர் ஊரைவிட்டே போய்விட்டான். முதலாளி ஆள் அனுப்பினார். கிழவி தானே குதித்தாள் என்று சொல், விசிலுக்கு முன்னாலேயே டிரைவர் எடுத்துவிட்டான் என்று சொல், எதைச் சொன்னாலும் சரி, வக்கீல் பார்த்துக்கொள்வார். வடிவும் போய்ச் சொன்னாள். கோர்ட் வராந்தாவில், கூட்டத்துக்கு நடுவில், அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டே சொன்னாள், யாரும் பார்க்கலல்லா குத்தாலம், அந்தம்மா செத்துப் போயாச்சு, இனி நீ சொல்லி என்ன ஆகப்போகுது. அவன் அவளைப் புரியாமல் பார்த்தான். நிஜமாகவே புரியவில்லை அவனுக்கு. "எக்கா, ஊதுனது நாந்தானே" என்றான். உள்ளே போய் அதையே சொன்னான். நான் பார்க்கவில்லை, பார்க்காமல் ஊதினேன், டிரைவர் மேல் தப்பில்லை. நீதிபதியே ஒரு நிமிஷம் பேனாவை நிறுத்தினாராம். ஜெயிலுக்குப் போய் வந்தான், வேலை போயிற்று, எவனும் அவனைப் பஸ்ஸில் ஏற்றவில்லை. குடி அதற்குப் பிறகுதான். ஊர் அதை மறந்துபோயிற்று. ஊருக்கு மீசைதான் ஞாபகம், குடிதான் ஞாபகம், நாற்றம்தான் ஞாபகம். அந்த வராந்தாவை ஞாபகம் வைத்திருக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அன்றைக்கு அவளுக்கு அவன்மேல் வந்தது கோபம். இப்படியும் ஒரு முட்டாளா என்று. கோபம்தானா அது? வேறு ஏதோ. உடம்பில் துணி இல்லாமல் நிற்கும்போது யாரோ பார்த்துவிட்ட மாதிரி.

தீபாவளி. மறுபடியும் தீபாவளி வந்தது, கூப்பிடாமல். மழை தூறிக்கொண்டிருந்தது. குத்தாலம் வாசல்படியில் ஏறாமல் கீழேயே நின்றான். குளித்திருந்தான், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, தலையில் தண்ணீர் சொட்டிற்று, கையில் தாரணிக்கென்று ஒரு மத்தாப்புப் பெட்டி. உள்ளே பக்கத்து வீட்டுப் பெண்கள் பலகாரம் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார்கள். தளவாய் நாற்காலியைவிட்டு எழுந்தார். எழுந்து, சத்தமாக. என்ன சொன்னார்? அவருக்கு எதைச் சொன்னாலும் சத்தமாகத்தான் வரும், தண்ணீர் கேட்டால்கூடச் சண்டை போடுகிற மாதிரி இருக்கும். விரட்டினார். எந்த வார்த்தையால் விரட்டினார்? வடிவு கண்ணை மூடிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்று பார்த்தாள். அவர் சட்டை தெரிந்தது, நெற்றியில் திருநீறு தெரிந்தது, வாய் அசைந்தது. "என்னலே வாசல்ல நிக்க? மழையில நனைஞ்சுக்கிட்டு. உள்ள வந்து இலையில உக்காரு." அதுவா? இல்லை. அது வேறு என்றைக்கோ. அதுதான். அதையேதான் சொன்னார், அந்த இடி மாதிரிக் குரலில், தெருவே கேட்கிற மாதிரி. சொல்லிவிட்டு, இலை போடுவதற்கு அவரே உள்ளே போனார். அப்போதுதான் அவள் படியில் இறங்கினாள். பக்கத்து வீட்டுக்காரிகளுக்குக் கேட்காதபடி, பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில், "இன்னிக்கு வேண்டாம் குத்தாலம், அத்தானுக்குப் பிடிக்கல, இனிமே இங்க வராதே, என் குடும்பத்த நினைச்சுப் பாரு" என்றாள். அவன் மத்தாப்புப் பெட்டியைப் படியில் வைத்துவிட்டுப் போனான். தளவாய் இலையோடு வந்து, எங்க அவன் என்று கேட்டார். போயிட்டான், நீங்க போட்ட சத்தத்துல என்றாள். அவர் இலையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதற்குப் பிறகு ஊரில் யார் கேட்டாலும் இவுகளுக்கு ஆகாது என்று அவள் சொல்லிவந்தாள். சொல்லிச் சொல்லி அவளுக்கே அப்படித்தான் நடந்தது என்று ஆகிவிட்டது. யாரும் சந்தேகப்படவில்லை. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தால் யார் விரட்டியிருப்பார்கள் என்பது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. இதை ஏன் இப்போது நினைக்க வேண்டும்? வெயிலில் தலை சுற்றுகிறது. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் வந்தால் ஒரு சோடா வாங்கித்தரச் சொல்லலாம்.

"வாங்கம்மா" என்றார் ஏட்டு. சாவிக்காரன் வந்துவிட்டான். அவள் கேட்டுப் பக்கம் பார்த்தாள், தளவாயைக் காணவில்லை. "சார் வரட்டுமா?" என்றார் ஏட்டு. வேண்டாம் என்றாள். உள்ளே குளிர் இல்லை. குளிர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தாள். ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கல்மேடையில் ஒரு பச்சைத் துணி, அதற்குள் நீளமாக ஒன்று. தலைப் பக்கம் உருண்டையாகத் துணி சுற்றியிருந்தது, அதைப் பார்க்காதே என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கால் பக்கம் போய் நின்றாள். சாவிக்காரன் கால் பக்கத்துத் துணியை விலக்கினான். இரண்டு பாதங்கள். வெடித்து, கறுத்து, மண் ஒட்டி. இடது காலில் இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறிப் படுத்திருந்தது. மச்சம் இல்லை என்று இவ்வளவு நேரம் தேடினாளே, மச்சத்தில் என்ன இருக்கிறது. அப்பாவுக்கு அந்த விரல் அப்படித்தான். குத்தாலத்துக்கு அப்படித்தான். அவளுக்கும். அப்பா மூன்று பேர் காலையும் வரிசையாக ஆற்றுப் படித்துறையில் தண்ணீருக்குள் வைத்துப் பார்த்துச் சிரிப்பார். கல்யாணத்தில் அம்மிமேல் அவள் காலைத் தூக்கி வைத்துத் தளவாய் மெட்டி போடக் குனிந்தார், விரல் ஏறிக் கிடந்ததால் மெட்டி போகவில்லை, அவருக்கு வேர்த்தது. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். குத்தாலம்தான் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். மீசை அரும்பாத முகம் அப்போது. "எங்க வீட்டு விரல் அப்படித்தான் அத்தான், இங்க பாருங்க" என்று தன் காலையும் அம்மி பக்கத்தில் வைத்துக் காட்டி, அவள் விரலைத் தானே மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு மெட்டி போயிற்று. அந்தக் கால் இது. இவ்வளவு சின்னதாகவா இருந்தது அவன் கால். செருப்பு இல்லாமல் எத்தனை நாளாக நடந்தானோ. தொட வேண்டும் போலிருந்தது. கை நீண்டும்விட்டது. அப்போது, எங்கிருந்தோ, பையனின் அம்மா பூவை எடுத்துக்கொண்டு திரும்பி, ஒத்தைக்கு ஒரு பிள்ளைன்னு சொன்னீங்களே என்றாள். தாரணி சுவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். ரயிலில் விழுந்தானாம், பஸ் ஸ்டாண்டில் கிடந்தவனாம், டீச்சருக்குத் தம்பியாம், மறைச்சுட்டாவளாம். வடிவு நீட்டிய கையால் சேலையைக் கொஞ்சம் தாழ இழுத்துவிட்டாள். தன் இடது காலைக் கொசுவத்துக்குள் உள்வாங்கிக்கொண்டாள். "இல்லங்க" என்றாள். குரல் அப்படியே இருந்தது, மெல்லியதாக, தெளிவாக. "இவன் என் தம்பி இல்ல." ஏட்டு, "நல்லா பாத்துச் சொல்லுங்கம்மா, அவசரமில்ல" என்றார். "பாத்தாச்சுங்க. பாவம், யாரு பெத்த பிள்ளையோ" என்றாள். அதைச் சொன்னபோது அவள் கண்ணில் தண்ணீர்கூட வந்தது. சாவிக்காரன் துணியை மூடினான்.

வெளியே வெளிச்சம் அடித்தது. முடிந்தது. ஓர் எட்டு எடுத்து வைக்கவும் உடம்பு லேசாகிவிட்ட மாதிரி இருந்தது, அந்த லேசே பயமாக இருந்தது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்டுக்குள் ஒரு வெள்ளை வேன் பின்னோக்கி வந்தது. அதற்கு வழிகாட்டிக்கொண்டே தளவாய் வந்தார். ஒரு கக்கத்தில் குடை, ஒரு கையில் துணிக்கடைப் பை. சட்டை முதுகில் ஒட்டி நனைந்திருந்தது. வேனை நிறுத்தச் சொல்லிவிட்டு அவளிடம் வந்தார். பைக்குள் கோடி வேட்டியும் துண்டும் தெரிந்தன.

"வேன் சொல்லிட்டேன்" என்றார். "வீட்டுக்கே கொண்டு போயிருவோம். சங்கரன்கோவிலுக்கும் போன் பண்ணிட்டேன், ஞாயித்துக்கிழமை வேண்டாம்னு."

அவள் பெஞ்சிலிருந்து கையை எடுத்தாள். "என்னன்னு சொன்னீங்க?"

"என் மச்சினன் தவறிட்டான்னு சொன்னேன். அன்னிக்கு மறைச்சது தப்புன்னும் சொன்னேன். அந்தம்மா எப்ப, எப்படின்னு கேட்டாவ. பொறவு, காரியம் முடியட்டும், பாத்துக்கிடலாம்னாவ." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உள்ள போலாமா?"

"நான் பாத்துட்டேன்" என்றாள் வடிவு. "அது அவன் இல்ல."

தளவாய் அவளையே பார்த்தார். வேன் டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அவர் குடையை பெஞ்சின்மேல் வைத்தார். பையை எடுத்துக்கொண்டு, ஏட்டிடம் ஏதோ சொல்லி, உள்ளே போனார். வடிவு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது பச்சைத் துணியை விலக்குவான். இப்போது பார்ப்பார். பார்த்தால் என்ன, எத்தனையோ வருஷம் ஆயிற்று, ஆண்பிள்ளைக்கு அதெல்லாமா நினைவிருக்கும். அவள் காலுக்குத் தினமும் ராத்திரி தைலம் தேய்த்துவிடுகிறவர் அவர். அந்த விரலில் மெட்டி குத்துகிறது என்று தட்டானிடம் போய் அகலம் செய்துகொண்டு வந்தவர். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் யாரும் நம்பவும் மாட்டார்கள். மரத்தடியில் அந்தத் தாய்க்காரி தரையைத் தட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

தளவாய் வெளியே வந்தார். கையில் பை இல்லை. அவர் முகம் எப்போதும்போல இறுகித்தான் இருந்தது, ஊரில் கல் என்று சொல்கிற அதே முகம், கன்னம் இரண்டும் ஈரமாக. நேராக ஏட்டிடம் போனார்.

"என் மச்சினன்தான். பேரு குத்தாலிங்கம். எழுதிக்கிடுங்க."

"அம்மா இல்லன்னு சொன்னாவளே சார்."

தளவாய் திரும்பினார். அவள் காலைப் பார்க்கப் போகிறார் என்று வடிவு நினைத்தாள். அவர் பார்க்கவில்லை. பார்த்துவிடக் கூடாது என்று பார்வையை அவள் முகத்திலேயே நிறுத்திக்கொண்டது அவளுக்குத் தெரிந்தது. கோபம் இல்லை அதில். திட்டுவார், அந்தச் சத்தத்தில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும் என்று எதிர்பார்த்தாள், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அறிமுகமில்லாத ஒரு பெண்பிள்ளையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார், கொஞ்சம் மரியாதையாகக்கூட. பிறகு ஏட்டின் பக்கம் திரும்பி, அவள் கேட்டே இராத தணிந்த குரலில், "அவ சரியாப் பாக்கலை. பயந்த சுபாவம்" என்றார்.

ஏட்டு வடிவின் முகத்தைப் பார்த்தார். நம்பினார். "சரிதான். பொம்பளைங்களால இதெல்லாம் பாக்க முடியாது சார்" என்றார். கையெழுத்துகளைத் தளவாய் போட்டார்.

அவனை வெளியே கொண்டுவந்தபோது கோடி வேட்டி சுற்றியிருந்தது. காலையும் சேர்த்து மூடியிருந்தார்கள். தளவாய் வேனுக்குள் பின்னால் ஏறினார். வடிவும் ஏறப்போனாள். "நீ முன்னால உக்காரு" என்றார். அவள் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் கேட்டைத் தாண்டி, வேகத்தடைகளில் ஏறி இறங்கியது. முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே பார்த்தாள். தளவாய் தரையில், அந்தக் கஞ்சிச் சட்டையோடு, சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். துணி சுற்றிய தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, வேன் குலுங்கும்போதெல்லாம் அது அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை.

டிரைவரும் மேல்கண்ணாடியில் அதைப் பார்த்திருக்க வேண்டும். சின்ன வயசுக்காரன், இந்த வேலைக்குப் புதிது போலிருந்தது. சிக்னலில் நிறுத்தியபோது மெல்லக் கேட்டான்.

"சாருக்குத் தம்பியாம்மா?"

வடிவு கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பி ரோட்டைப் பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.